சேற்றுக்குச் சொந்த ஊர் எது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தமிழ் வகுப்புக் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து ஸீலாந்து பக்கம் கடல் பார்க்கப் போயிருந்தோம். கடல் என்றதும் மெரினா மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சேறுதான். பிள்ளைகள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அதில் இறங்கி நண்டு தேடும். என் மகள் (வயது பத்து) ஒரு குச்சியை விட்டுக் கிளறினாள். மேலே சாம்பல் நிறம், இரண்டு விரல்கடை கீழே மை மாதிரிக் கறுப்பு. கூடவே அந்த வாசனை, அழுகிய முட்டை.

"ஐயோ, கூவம்!" என்றார் சைதாப்பேட்டை நண்பர். "எங்கட பக்கம் களப்புச் சேறும் இப்பிடித்தான் மணக்கும்" என்றார் யாழ்ப்பாணத்து அக்கா. எனக்கு இரண்டும் தோன்றவில்லை. எனக்கு அது பிராட்வே.

"இந்தக் கறுப்பு எங்கேருந்துப்பா வந்துச்சு?" என்று கேட்டாள் மகள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அதே கேள்விக்கு இருபது வருடத்துக்கு முன்னால் எர்ணாகுளத்தில் ஒருவர் எனக்குச் சொன்ன பதில் ஞாபகம் வந்து, அன்று இரவு தூக்கம் போய்விட்டது. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

பிராட்வே என்றதும் நியூயார்க் போய்விட்டவர்கள் திரும்பி வரவும். இது கொச்சி, எர்ணாகுளம் கரை. மட்டாஞ்சேரிக்குப் படகு ஏறும் துறையிலிருந்து நடக்கிற தூரம். துணிக்கடை, குடைக்கடை, பாத்திரக்கடை, மசாலாக்கடை எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற பழைய கடைத்தெரு. பெயரில்தான் அகலம். பின்பக்கம் எர்ணாகுளம் மார்க்கெட். காயலிலிருந்து ஒரு கால்வாய் மார்க்கெட்டுக்குள் வருகிறது. ஒரு காலத்தில் சரக்கு ஏற்றிய வள்ளங்கள் அது வழியாக நேராகச் சந்தைக்கே வந்து இறக்குமாம். நான் அங்கே குடியிருந்தது 2006 முதல் 2013 வரை. அப்போது அந்தக் கால்வாயில் வள்ளமும் இல்லை, ஓடுகிற தண்ணீரும் இல்லை. காய்கறிக் கழிவு, மீன் கழிவு, எங்கிருந்தெல்லாமோ வந்து சேரும் குழாய்கள், அடியில் கறுப்புச் சேறு. 2024இல் அங்கே புது மார்க்கெட் கட்டடம் திறந்தார்கள். படங்களில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு வேலை, தண்ணீருக்கு அடியில் எவ்வளவு ஆழம் என்று அளப்பது. தூர்வாரும் கம்பெனிகளுக்கு முன்னும் பின்னும் அளந்து கொடுக்க வேண்டும், எவ்வளவு சேறு எடுத்தார்கள் என்று கணக்குப் போட. இப்போது நெதர்லாந்திலும் அதே பிழைப்புதான், கருவிதான் கொஞ்சம் விலை அதிகம் :-)

எங்கள் வீட்டுக்காரச் சேட்டன் தங்கமான மனிதர். தங்கமணிக்கு மீன் கழுவக் கற்றுக்கொடுத்ததே அவர் மனைவிதான். அவரிடம் ஒரு மழைநாள் பேச்சுவாக்கில், இந்த நாற்றம் எப்போதும் உண்டா என்று கேட்டேன். "இதொக்கெ பாண்டிகள் வன்னதினு சேஷமா சாரே" என்றார். பாண்டிகள் வந்த பிறகுதான் இதெல்லாம். சொல்லிவிட்டு, எதிரே நிற்பது யார் என்று ஞாபகம் வந்து, "சாரினெ அல்ல கேட்டோ" என்று அவசரமாகச் சேர்த்தார். சாரைச் சொல்லவில்லையாம். எனக்குக் கோபம் வரவில்லை, சிரித்துவிட்டு மேலே போய்விட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் இப்போது கோபம் வருகிறது.

(ஒரு சின்ன வேடிக்கை. பிராட்வேயை ஒட்டி மெரைன் டிரைவ் பக்கம் போகிற பெரிய சாலைக்குப் பெயர் சண்முகம் ரோடு. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்துக்கு திவானாக இருந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பெயர். கோயம்புத்தூர்க்காரர், பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். மெரைன் டிரைவ் நிலம் மேடாக்கப்படும் வரை காயலின் கரையே அந்தச் சாலைதான். சேட்டனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குத் தெரியாது.)

சரி, கறுப்பு விஷயத்துக்கு வருகிறேன். கழிமுகத்துச் சேறு கறுப்பாக இருப்பதும் நாறுவதும் ஒரே காரணத்தால். இலை, பாசி, மீன் குடல், மனிதக் கழிவு என எது மக்கினாலும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். களிமண் சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் நுண்ணுயிர்கள் கடல் தண்ணீரில் ஏராளமாக இருக்கும் சல்பேட்டை வைத்துப் பிழைக்கின்றன. அதன் கழிவுதான் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அழுகிய முட்டை வாசனை. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. ஆக, சேறு கறுப்பாக இருந்தால் மக்கும் பொருள் (புத்தகத் தமிழில் கரிமப் பொருள்) வருகிற வேகம் ஆக்சிஜன் வருகிற வேகத்தை விட அதிகம் என்று அர்த்தம். அந்தப் பொருள் யாருடையது என்று கறுப்பு சொல்லாது. நாற்றமும் சொல்லாது.

இதற்கு பிராட்வே பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அங்கிருந்து நடந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால் மங்களவனம். மூன்று ஹெக்டேர்கூட வராத சின்னக் கண்டல் காடு, 2004இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அங்கேயும் சேற்றைக் கிளறினால் அதே கறுப்பு, அதே முட்டை நாற்றம். கண்டல் இலை விழுந்து மக்கி வருகிற கறுப்பில்தான் நண்டும் இறாலும் வளர்கின்றன. மார்க்கெட் கால்வாய்ச் சேற்றில் கொசு வளர்கிறது. கண்ணையும் மூக்கையும் மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்று. "நாறுகிறது, சுத்தம் பண்ணு" என்று யாராவது கண்டல் காட்டில் ஜேசிபியை இறக்கினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. நம் ஊர்களில் அது நடந்திருக்கிறது.

அப்படியானால் எப்படித்தான் பிரிப்பது? இதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் வழிகள், எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். வேதியியல் படித்தவர்கள் திருத்தலாம்.

முதலில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். கடலில் மிதக்கும் பாசியில் நைட்ரஜன் அதிகம். ஒரு நைட்ரஜன் அணுவுக்கு ஆறேழு கார்பன். மர இலையும் தண்டும் நார்ச்சத்து, ஒன்றுக்கு இருபது, அதற்கும் மேலே. அடுத்தது கார்பன் ஐசோடோப்பு. எல்லாக் கார்பனும் ஒரே எடை கிடையாது, நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே கொஞ்சம் கனமான கார்பன்-13. நிலத்து மரம், நெல், கண்டல் எல்லாம் கனமானதைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் ரகம். நியம அளவோடு ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு சுமார் 27 குறைவாக இருக்கும். கடல் பாசியில் 20, 22 குறைவு. கரும்பு, சோளம், மக்காச்சோளம் வேறு ரகம், 12, 14தான் குறைவு. சேற்றை உலர்த்தி இந்த எண்ணைப் பார்த்தால் கரையிலிருந்து எவ்வளவு வந்தது, கடலிலிருந்து எவ்வளவு வந்தது என்று தோராயமாகப் பங்கு பிரிக்கலாம்.

இந்த எண் நம் உடம்பிலும் இருக்கிறது என்பது கூடுதல் சுவாரசியம். அமெரிக்காவில் கோழி, மாடு, சோடா எல்லாமே மக்காச்சோளத்தில் ஓடுகிறது. அதனால் அமெரிக்கர்களின் தலைமுடியில் கார்பன்-13 ஐரோப்பியர்களை விட அதிகம். நியூஜெர்சிக்குப் போன நம் ஆட்கள் வீட்டில் என்னதான் சாம்பார் வைத்தாலும் வெளியே தின்பது முடியில் ஏறிவிடும். முடிக்குக் குடியுரிமை விண்ணப்பம் எல்லாம் கிடையாது.

ஆனால் கொச்சியில் இந்த ஐசோடோப்பு ஒரு இடத்தில் கைவிரிக்கும். அரிசிச்சோறு தின்கிற ஊரின் கழிவும், மலையிலிருந்து வரும் இலையும், கண்டல் இலையும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் நிற்கும். நெல்லும் அதே ரகம் அல்லவா? சாக்கடையைத் தனியாகப் பிடிக்க வேறு சாட்சி வேண்டும். அதற்கு கோப்ரோஸ்டனால் என்று ஒரு பொருள் இருக்கிறது. மனிதக் குடலில் உள்ள பாக்டீரியா கொலஸ்டிராலை மாற்றிச் செய்வது. நுண்ணிய களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தால், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நெடுங்காலம் அழியாமல் இருக்கும். அதே மாதிரி லிக்னின், நிலத்துத் தாவரத்தில் மட்டும் இருக்கிற மரச்சத்து. இலை மேல் இருக்கும் மெழுகுக்கும் பாசியின் கொழுப்புக்கும் கார்பன் சங்கிலி நீளத்தில் வித்தியாசம். ஒன்றை மட்டும் கேட்டால் ஏமாறுவோம். நாலையும் ஒன்றாக வைத்துக் கேட்டால் சேறு பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

எது எங்கே போய்ச் சேர்கிறது என்பது இன்னொரு கதை. மணலில் ஒன்றும் நிற்காது, நுண்ணிய களிமண்தான் மக்கும் பொருளைக் கட்டிக்கொண்டு கிடக்கும். ஜூனில் மழை பிடித்ததும் பெரியாறும் மூவாற்றுப்புழையும் மலையையும் தோட்டத்தையும் கழுவிக்கொண்டு வருகின்றன. ஆற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீரைத் தொடும் இடத்தில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே இறங்கும். கூடவே ஆகாயத்தாமரை, அங்கே குளவாழை என்பார்கள். மழைக்காலத்தில் மைல் கணக்கில் மிதந்து வரும், உப்பு ஏறியதும் செத்து அப்படியே மூழ்கும். பார்க்க இலைதான். ஆனால் அதை அவ்வளவு கொழுக்க வளர்த்தது வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும். அதை யார் கணக்கில் எழுதுவது? தெற்கே, குட்டநாட்டு நெல்லுக்கு உப்பு ஏறாமலிருக்க 1970களில் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணை. கோடைக்கு முன்னால் அதை மூடினால் ஓட்டம் நின்று, வந்ததெல்லாம் அங்கங்கே தங்கும். இன்னும் பல இடங்களில் தேங்காய் மட்டையைக் கயிறுக்காக மாதக்கணக்கில் காயலில் ஊறப் போடுவார்கள், அதன் நாற்றம் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் வந்து விழுவதற்கென்றே நாம் குழி வெட்டி வைத்திருக்கிறோம். 1920களில் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி, தோண்டிய மண்ணிலேயே வில்லிங்டன் தீவை எழுப்பினார். 2011இல் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்காகக் கப்பல் பாதை இன்னும் ஆழமானது. ஆழமான இடத்தில் நீர் மெதுவாகும், மெதுவானால் சேறு படியும். எடுக்க எடுக்க வரும். வண்டல் ஏறி மட்டாஞ்சேரிப் படகே சில வருடங்கள் நின்றுபோனது. பிராட்வேயில் சாமான் வாங்கிவிட்டுப் படகில் அக்கரை போகிறவர்கள் பாலம் சுற்றி பஸ்ஸில் போனார்கள்.

இப்போது அந்த மனிதர். பெயர் வேண்டாம். திண்டுக்கல் பக்கம், வாத்துருத்தியில் குடியிருந்தார். கொச்சியில் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்கிற காலனி அது, கொச்சியில் இருந்த எவருக்கும் தெரியும். மழைக்கு முன்னால் கால்வாய் வாரும் வேலைக்கு வருவார். மார்க்கெட் பின்னால் ஒரு டீக்கடையில் பழக்கம். நான் தமிழ் என்று தெரிந்ததும் "வாங்க சார்" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் "அண்ணே" என்றேன், அவர் கடைசி வரை "சார்"ஐ விடவில்லை.

இந்தச் சேறு எங்கேருந்துண்ணே வருது என்று அவரிடமும் கேட்டேன். என் தொழில் அப்படி. அவர் கையைத் தூக்கி வரிசையாகக் காட்டினார். "அந்தா, அந்தக் குழாய் லாட்ஜோடது. இது ஓட்டலு, எண்ணெய் மெதக்கும் பாருங்க. அது மீனுக்கடை. ராத்திரில லாரி வந்து கக்கூஸ் தொட்டித் தண்ணிய விட்டுட்டுப் போகும், அது நம்பர் பிளேட்டு தெரியாது. எல்லாத்தையும் நாங்கதான் வாரிக் கரையில போடுறோம். காஞ்சு கெடக்கும். மழை பேஞ்சா திரும்ப உள்ளாறயே போயிரும். அடுத்த வருசமும் எங்களுக்கு வேல இருக்கும் சார்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இறங்கும்போது பயமில்லையா என்றேன். "நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்ல. நாத்தம் நின்னு போச்சுன்னா உடனே ஏறிருவோம்" என்றார்.

எனக்கு அப்போது அது புரியவில்லை. பிறகு இங்கே வந்து கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கின் உணர்வு செத்துவிடும். வாசனை போய்விட்டது என்று நினைப்போம், வாயு ஏறிக்கொண்டிருக்கும். ஐந்நூறு தாண்டினால் ஆள் சில நிமிடங்களில் விழுந்துவிடுவார். வகுப்பில் எங்களுக்குச் சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு மஞ்சள் கருவி கொடுத்தார்கள், வாயு ஏறினால் கத்தும். அண்ணனுக்கு அவர் மூக்குதான் கருவி. அவருடைய மச்சினன் வேறொரு ஊரில் ஒரு கட்டடத்தின் தொட்டிக்குள் இறங்கி ஏறவில்லை. அதை அவர் சொன்னது டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தபோது, போகிற போக்கில்.

2013இல் சட்டம் வந்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது, 2023 அக்டோபரில் முப்பது லட்சம் ஆக்கியது. மனிதரை இறக்காதே என்றும் சொல்லியாகிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் இறங்க வேண்டிய அளவுக்கு அங்கே கறுப்பை அனுப்பியது யார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என் வாதம் இதுதான். சேறு எங்கிருந்து வந்தது என்று அளக்காத ஊரில், சேற்றில் நிற்பவன் மேல்தான் பழி விழும். சேட்டன் கெட்டவரில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது கால்வாயும், அதற்குள் இடுப்பளவில் நிற்கிற தமிழ் ஆட்களும். லாட்ஜ் குழாய் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. அவர் வீட்டு செப்டிக் டேங்க் தரைக்கு அடியில் இருக்கிறது. கொச்சியில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். நகரத்தில் பாதாளச் சாக்கடை இருப்பது மிகச் சிறு பகுதிக்குத்தான். அப்படிப்பட்ட மண்ணில் தொட்டி கசிந்தால் எங்கே போகும்? அந்த வீட்டில் ஏழு வருடம் நாங்களும்தான் இருந்தோம். ஆக, அந்தக் கறுப்பில் எங்கள் பங்கும் உண்டு. பாண்டிகள் வந்ததினால்தான் என்று சேட்டன் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது, "சாரினெ அல்ல" என்றதுதான் தப்பு.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று. பிராட்வேயைச் சுற்றி சில கிலோமீட்டருக்குள் இந்தியாவில் இதற்கு வேண்டிய அறிவெல்லாம் குவிந்து கிடக்கிறது. மங்களவனத்தை ஒட்டி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். எர்ணாகுளத்திலேயே தேசிய கடலாய்வு நிறுவனத்தின் மண்டல மையம். காயல் கரையிலேயே கொச்சி பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் துறை. இந்தக் காயல் சேற்றின் கார்பனையும் ஐசோடோப்பையும் பற்றி வருடக்கணக்கில் ஆராய்ந்து வருகிறார்கள். நான் கையில் பிடித்த தூர்வாரல் ஒப்பந்தத் தாள்களில் (எந்த அலுவலகத்துடையது என்று எழுதப் போவதில்லை) இருந்ததெல்லாம் ஒரே ஒரு கேள்வி. எத்தனை கன மீட்டர்? நானும் முன்னே அளந்து, பின்னே அளந்து, கழித்து, கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு எடுத்தார்கள் என்று சொன்னேன். என்ன எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நன்றாகவே சம்பளம் கொடுத்தார்கள்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நான் இப்போது வேலை பார்க்கும் ரோட்டர்டாமே உதாரணம். 1980களில் இந்தத் துறைமுகத்தில் தோண்டிய சேறு கடலில் கொட்ட முடியாத அளவுக்கு விஷம். ரைன் நதி சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆலைகளையெல்லாம் கழுவி இங்கே கொண்டுவந்து படிய வைத்தது. 1987இல் அந்தச் சேற்றைப் போட்டு வைக்க மாஸ்ஃப்ளாக்டேயில் பிரம்மாண்டமான ஒரு தொட்டியே கட்டினார்கள், பெயர் ஸ்லுஃப்டர். ஆனால் அதோடு நிற்கவில்லை. நதியில் மேலே மேலே போய் மாதிரி எடுத்து, எந்த இடத்தில் எந்த ஆலை எதைக் கலக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ஆலைகளிடம் போய், இத்தனை வருடத்துக்குள் இவ்வளவு குறையுங்கள், இல்லையென்றால் வழக்கு என்றார்கள். பல ஆலைகள் ஒப்பந்தம் போட்டன. 1986 நவம்பரில் பாஸல் அருகே சான்டோஸ் கிடங்கு எரிந்து ரைன் சிவந்து ஓடி, மீன்கள் செத்து மிதந்ததும் இதற்கு வேகம் கொடுத்தது, ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் தேடியது உலோகமும் ரசாயனமும், நம்முடையது மக்கும் கழிவு. சேற்றிலிருந்து அனுப்பியவர் வரை பின்னோக்கிப் போகும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். இன்றைக்கு இங்கே தோண்டும் சேற்றில் பெரும்பங்கு கடலில் போடும் அளவுக்குச் சுத்தம்.

"எல்லாம் சாக்கடை என்று பார்த்தாலே தெரிகிறதே, இதற்கு லேப் எதற்கு?" என்று ஒரு நண்பர் போனில் கேட்டார். நியாயமான கேள்வி. தெரியும் என்பதற்கும் எழுதி வைத்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது என் பதில். திண்டுக்கல் அண்ணனுக்கு லேப் இல்லாமலே தெரியும், குழாய் குழாயாகக் காட்டினார். அவர் சொன்னால் எடுபடாது. தாளில் எண் வந்தால் உயர் நீதிமன்றத்தில் எடுபடும். மழைத் தண்ணீர் தேங்கும்போதெல்லாம் கொச்சிக் கால்வாய்கள் பற்றி அந்த நீதிமன்றம் பலமுறை கேட்டிருக்கிறது. பதிலாகக் கிடைப்பது கன மீட்டரும் செலவான தொகையும்தான்.

இன்னொரு நண்பர், எண் வந்தால் கால்வாய் ஓரக் குடிசைகளைக் காலி பண்ணத்தான் பயன்படுத்துவார்கள் என்றார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் எண் இல்லாமலே அவர்களைத்தானே காலி பண்ணுகிறார்கள்? எண் வந்தால் குறைந்தபட்சம் எண்ணெய் ஓட்டலிலிருந்து வந்தது, கோப்ரோஸ்டனால் மேலே இருக்கும் அடுக்குமாடி பக்கத்தில் அதிகம் என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு குழாய்க்கும் மேலேயும் கீழேயும் ஒரு கைப்பிடி சேறு எடுத்தால் போதும். கோடிக்கணக்கில் போகிற தூர்வாரல் செலவில் இந்தப் பரிசோதனைக்கு ஆவது தூசு, நான் அந்தக் கணக்குகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

கொச்சி மெட்ரோ நிறுவனம் நகரத்துக் கால்வாய்களைச் சீரமைக்கும் திட்டம் ஒன்று வைத்திருக்கிறது, மார்க்கெட் கால்வாயும் அதில் வருகிறது. ஆழப்படுத்தி, கரை கட்டி, படகும் விடுவார்கள் என்கிறார்கள். நல்லது. ஆழப்படுத்திய கால்வாய் இன்னும் நல்ல குழி, இன்னும் வேகமாகக் கறுப்பு சேரும், குழாய்கள் அப்படியே இருந்தால்.

எனவே கொச்சியில் இருக்கும் நம் ஆட்களுக்கு, குறிப்பாக ஐடி கம்பெனிகளில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை பிராட்வேக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்கு முன் தூர்வாரல் ஒப்பந்தம் போடும்போது இரண்டு வரி சேர்க்கச் சொல்லி ஒரு மனு கொடுங்கள். வாருவதற்கு முன் சேற்றைக் குழாய்வாரியாகப் பரிசோதித்து முடிவை வெளியிட வேண்டும். வாயு அளக்கும் கருவி இல்லாமல் யாரும் கால்வாய்க்கும் தொட்டிக்கும் பக்கத்தில்கூட நிற்கக் கூடாது. மனுவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். மலையாளத்தில் எழுதித் தர நம் பழைய வீட்டுக்காரச் சேட்டனுக்குப் போன் பண்ணினேன். வயது எழுபத்தெட்டாம், காது கொஞ்சம் மந்தம். விஷயத்தை மூன்று தடவை சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நம்முடெ டேங்கும் சோருன்னுண்டு சாரே" என்றார். நம் தொட்டியும் கசிகிறதாம். மனு அடுத்த வாரம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.